ஒரே வீட்டிலிருந்து இரண்டு விண்ணப்பங்கள்

செயின்ட் ஜார்ஜஸ், கிரனடா
12 ஜனவரி 1997

அம்மா,

கையில இருக்கற வேலையைப் போட்டுட்டு உக்காந்து படி. நின்னுக்கிட்டே படிச்சா பாதியிலேயே "சரி சரி"ன்னு மடிச்சு வெச்சிடுவ. உன்னைத் தெரியாதா எனக்கு?

நம்ம கரியாக்கூத் தீவு உதவித்தொகை இந்த வருஷம் மறுபடி வருது! நியூயார்க் புரூக்ளின்ல குடியேறின நம்ம ஊர்க்காரங்க சேர்ந்து நடத்தறாங்களே, அதேதான். ரெண்டு வருஷமா சத்தமே இல்ல. செத்துப்போச்சுன்னு நினைச்சிருந்தோம். நேத்து காலேஜ் பலகையில ஒட்டியிருந்தாங்க. ஃபீஸ், தங்கற இடம், சாப்பாடு, புத்தகம், படிப்பு முடியற வரைக்கும் எல்லாம் அவங்க பொறுப்பு. கரியாக்கூல குடியிருக்கறவங்களுக்கு மட்டும்! நான் பலகை முன்னாடி நின்னு குதிச்சதைப் பாத்துட்டு எங்க கணக்கு வாத்தியார், "என்னம்மா, காலுல எறும்பா?"ன்னு கேட்டார்.

யோசிச்சுப் பாரு. அரசாங்க உதவித்தொகைக்கு நாடு முழுக்கப் போட்டி. எங்க வகுப்புலயே என்னைவிட நல்லா படிக்கறவங்க ஒரு வரிசைக்கு நிக்கறாங்க. இதுல அவங்க ஒருத்தரும் கிட்ட வர முடியாது! கிடைச்சா நேரா டிரினிடாட், நில அளவைப் படிப்பு. முடிச்சிட்டு மூணு வருஷம் தீவுலயே வேலை பாக்கணும்னு கையெழுத்து கேக்கறாங்க. மூணு என்ன, முப்பதே கேக்கட்டும். அண்ணனும் தம்பியும் வேலிக்காக முகத்தைத் திருப்பிக்கிட்டு, அளக்க ஆள் கிரனடாவுலேர்ந்து வரணும்னு வருஷக்கணக்கா காத்துக் கிடக்கற ஊர்தானே நம்மது.

ஒரே ஒரு இடைஞ்சல். நான் ஒன்றரை வருஷமா இங்க அத்தை வீட்டுல இருக்கேன் இல்லையா? படிக்கப் போனவங்களும் தீவுக்காரங்கதான்னு விதியில போட்டிருக்கு. ஆனா வீடு அங்கதான் இருக்குன்னு ரெண்டு அக்கம்பக்கத்தார் எழுதித் தரணும், நீதிச் சான்றாளர் முத்திரை வெக்கணும். அந்த முத்திரைக்கு மெக்லாரன் ஐயாவை நீ பாக்கணும். பிப்ரவரி கடைசிக்குள்ள எல்லாம் போய்ச் சேரணும். ஒரே ஒருத்தருக்குத்தான் தருவாங்க. அந்த ஒருத்தர் நான்தான்னு வெச்சுக்கோ!

போன் பண்ணலாம்னு பாத்தா, அத்தை போன் பக்கத்துலயே துணி மடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அதான் கடிதம்.

உன் டெல்சியா


லெஸ்டேர், கரியாக்கூ
19 ஜனவரி

டெல்சியா,

உக்காந்துதான் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன்.

மெக்லாரன் ஐயா இப்ப ஊர்ல இல்ல, வர்ற வாரம் வருவார். அக்கம்பக்கத்துல செலீட்டாகிட்டப் போனேன். அவ பேனாவை வாங்கிக்கிட்டு, "உன் பொண்ணு இப்ப டவுன் பொண்ணாச்சே ஒரின்தியா. நம்ம தெருக் கோழியை அவளுக்கு அடையாளம் தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சா. "கோழிக்கு அவளை அடையாளம் தெரியும், நீ கையெழுத்தைப் போடு"ன்னேன். போட்டா. கோணல்மாணலா இருக்கு, ஆனா அவளோடதுதான். இன்னொண்ணு எதிர்வீட்டு கஸ்பார் அண்ணன். அவர் கேள்வியே கேக்கலை, நல்ல மனுஷன்.

படகுக்காரர்கிட்ட கருவாட்டுப் பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கேன். புகை போட்ட ஹெர்ரிங் மீன். அத்தைக்குப் பாதி கொடு. உங்கப்பா லண்டன் போய் நம்மளை மறந்த பிறகும் உன்னைத் தன் பொண்ணு மாதிரி வெச்சிருக்கறவ அவ. வாய் நீளம், அது அவ பிறவிக் குணம்.

நல்லா படி. ராத்திரி நேரத்தோட படு.

அம்மா

அந்த அறிவிப்புல வயசு பத்தி ஏதாவது போட்டிருக்கா? தெரிஞ்ச ஒருத்தருக்காகக் கேக்கறேன்.


செயின்ட் ஜார்ஜஸ்
26 ஜனவரி

அம்மா,

செலீட்டா அக்கா கோழி விஷயத்தை அத்தைகிட்டப் படிச்சுக் காட்டினேன். சிரிச்சு சிரிச்சு அவளுக்கு விக்கல் வந்து, தண்ணி குடுத்து உக்கார வெச்சேன்.

நீ கேட்டதைப் போய்ப் பாத்தேன். வேடிக்கை என்னன்னா, வயசு பத்தி அதுல ஒரு வரிகூட இல்ல. எழுத மறந்துட்டாங்க போல. "பத்து வருஷம் குடியிருந்தவர், பள்ளிப் படிப்பு முடிச்சவர், கல்லூரியில் இடம் கிடைக்கத் தகுதி உள்ளவர்", அவ்வளவுதான்.

யாரு அந்த ஒருத்தர்? விண்ட்வர்ட் கிராமத்துல படகு கட்டறாங்களே, அந்த ரிக்ஃபோர்டோட அண்ணனா? ரிக்ஃபோர்ட் போடறான்னு கேள்விப்பட்டேன், அவனைப் பத்தி எனக்குப் பயமில்ல. ஆனா அவங்க அண்ணனுக்கு முப்பது தாண்டியாச்சே! யாரா இருந்தாலும் வேண்டாம்னு சொல்லிடும்மா. அந்த வயசுல பசங்களோட வரிசையில வந்து நின்னா ஊர் சிரிக்கும். படிக்கற வயசுல படிச்சிருக்கணும்.

என் கட்டுரை முக்கால்வாசி முடிஞ்சுது. "நான் ஏன் தீவுக்குத் திரும்புவேன்"னு தலைப்பு. வேலிச் சண்டையில ஆரம்பிச்சிருக்கேன். வாத்தியார் படிச்சிட்டு, "இது உனக்குத்தான் கிடைக்கும்"னு சொன்னார். சத்தியமா அப்படியே சொன்னார்!

டெல்சியா


லெஸ்டேர்
2 பிப்ரவரி

டெல்சியா,

அந்த ஒருத்தர் நான்தான்.

இதை எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம மூணு தாளைக் கிழிச்சேன். இது நாலாவது. இதையும் கிழிக்கறதுக்குள்ள ஒட்டிடறேன்.

எனக்கு முப்பத்தாறு வயசு. நீ பொறந்தப்ப பதினேழு. அதுக்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல, இனியும் வருத்தப்பட மாட்டேன். சாயங்கால வகுப்புக்குப் போய் உயிரியலும் வேதியியலும் போன வருஷம் பாஸ் பண்ணினேனே, நீ கேக் செஞ்சியே, அது கால்நடை நிலையத்துல சம்பளம் ஏறும்னுதானேன்னு நீ நினைச்ச. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். உன் கடிதம் வந்த அன்னிக்கு வேற மாதிரி நினைச்சேன்.

போன வருஷம் அறுவடை முடிஞ்சு ஆடுகளை மேய அவிழ்த்துவிட்ட காலத்துல நோய் வந்துதே. நீ இங்க இல்ல, கேள்விப்பட்டிருப்ப. கடல் கொந்தளிப்பு, கிரனடாவுலேர்ந்து டாக்டர் வர முடியலை. ஜனங்க தங்களோட ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நிலையத்து வாசல்ல வந்து நின்னாங்க. நான் அரசாங்கச் சட்டை போட்டிருக்கேன், எனக்குத் தெரியும்னு நினைச்சாங்க. எனக்கு எதுவும் தெரியலை டெல்சியா. தொட்டியைக் கழுவத் தெரியும், ஆட்டை அசையாமப் புடிக்கத் தெரியும். கஸ்பார் அண்ணன் தன் சினை ஆட்டை என் மடியில போட்டார். அது செத்துக்கிட்டே என் முகத்தைப் பாத்துது.

டிரினிடாட்ல கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்பு இருக்கு, ரெண்டு வருஷம். போன் போட்டுக் கேட்டேன், இடம் தர்றோம்னுட்டாங்க. பணம்தான் இல்ல.

ஊர் சிரிக்கும்னு எழுதியிருந்த. சிரிக்கட்டும். நீ சிரிக்காம இருந்தா போதும்.

அம்மா


செயின்ட் ஜார்ஜஸ்
6 பிப்ரவரி

அம்மா,

ரெண்டு நாளா பதில் எழுத முடியலை. இப்பவும் நல்லபடியா எழுத வரலை, வர்றபடி எழுதறேன்.

இருக்கறதே ஒண்ணு. அதுக்கு நீயும் நானும் போட்டியா? உலகத்துல எந்த அம்மாவாவது இப்படிச் செய்வாளா? நான் உன்கிட்ட ஒளிவுமறைவில்லாம எல்லாத்தையும் எழுதினேன். விதி என்ன, கட்டுரையில என்ன, யார் யார் போடறாங்க, எல்லாம். எதிராளிக்கு எழுதறோம்னு எனக்குத் தெரியாது.

ரெண்டு பேர் பேரும் ஒரே வீட்டிலேர்ந்து போனா கமிட்டிக்காரங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? தர்மசங்கடமா இருக்குன்னு ரெண்டையும் தள்ளிட்டு ரிக்ஃபோர்டுக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க.

நீ இன்னும் அனுப்பலைன்னா அனுப்பாதே. அனுப்பிட்டா திருப்பி வாங்கிடு. இன்னும் ரெண்டு வருஷத்துல மறுபடி வரும், அப்ப போடு.

டெல்சியா


லெஸ்டேர்
14 பிப்ரவரி

டெல்சியா,

மெக்லாரன் ஐயா திரும்பி வந்தார். உன் குடியிருப்புச் சான்றுல முத்திரை வெச்சு வாங்கிட்டேன். இதோட இருக்கு, மடிக்காதே. முதல்ல வெச்ச முத்திரை மங்கலா விழுந்துது, கமிட்டியில தகராறு பண்ணுவாங்களேன்னு மறுநாள் போய் இன்னொண்ணு வெக்கச் சொன்னேன். "உனக்கும் அவளுக்கும் சேத்து நான் ஒரு தனி மைப்பெட்டி வாங்கணும் போலிருக்கே"ன்னார். ஆமாம், என்னோட சான்றுக்கும் அவர்தான் முத்திரை வெச்சார்.

நான் திருப்பி வாங்க மாட்டேன்.

உனக்குச் சட்டை வேணும்னப்ப என் துணியை வெட்டித் தெச்சேன். டவுன்ல படிக்கணும்னப்ப அனுப்பி வெச்சேன், வெறும் வீட்டுல ரேடியோவோட பேசிக்கிட்டு உக்காந்திருந்தேன். நாளைக்கு உனக்கு ஒரு சிறுநீரகம் வேணும்னா, எந்தப் பக்கத்ததுன்னுகூடக் கேக்க மாட்டேன். ஆனா இதைத் தர முடியாது. இது என்னோடது. உன்னோடதைப் பிடுங்கலை. நீ ஒரு பக்கம் போடு, நான் ஒரு பக்கம் போடறேன். யாருக்குத் தகுதின்னு அவங்க சொல்லட்டும்.

எதிராளின்னு எழுதியிருந்த. அந்த வார்த்தையை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தேன்.

என் கட்டுரையை நீ கேக்கலை, ஆனாலும் சொல்றேன். "எனக்கு ஏன் தர வேண்டும்"னு எழுதச் சொல்லியிருக்காங்க. நாலு வரிக்கு மேல வரலை. அப்படியே அனுப்பப் போறேன்.

அம்மா


செயின்ட் ஜார்ஜஸ்
20 பிப்ரவரி

அம்மா,

சான்று வந்துது. முத்திரை பளிச்சுன்னு இருக்கு.

என் மனசு இன்னும் ஆறலை. அதை முதல்ல சொல்லிடறேன். அத்தை என்னை உக்கார வெச்சு, "உங்கம்மா அந்தச் சான்றை அடுப்புல போட்டிருந்தா நீ என்னடி பண்ணியிருப்ப?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சேன். வாய் நீளம்தான், ஆனா சில சமயம் சரியான இடத்துல நீளுது.

இப்ப கேளு. நாலு வரியை அனுப்பாதே! நாலு வரி எழுதினா முதல் சுத்துலயே தூக்கி எறிஞ்சிடுவாங்க. என் அம்மா முதல் சுத்துல தோத்தான்னு எனக்குக் கேவலம். எனக்கு எழுதின கடிதத்தையே எடுத்துக்கோ. கஸ்பார் மாமா ஆட்டை மடியில போட்டதை எழுது. "எனக்கு எதுவும் தெரியவில்லை"ன்னு எழுதினியே, அதை மறைக்காதே, அதுலேயே ஆரம்பி. கோவத்துக்கு நடுவுலயும் அந்த வரியை மூணு தடவை படிச்சேன். கடைசியில அந்தப் படிப்பு முடிச்சிட்டு வந்து முதல் வேலையா என்ன பண்ணுவேன்னு எழுது. வாக்கியம் சின்னச் சின்னதா இருக்கட்டும். தேவாலயத்துல படிக்கற மாதிரி எழுதாதே.

நான் ஏன் இதெல்லாம் சொல்றேன்னு எனக்கே தெரியலை. நான் ஜெயிச்சா நல்லா எழுதினவங்களைத் தாண்டி ஜெயிச்சதா இருக்கணும், அவ்வளவுதான்னு வெச்சுக்கோயேன்.

டெல்சியா


லெஸ்டேர்
15 மார்ச்

டெல்சியா,

உனக்கும் வந்திருக்கும். எனக்கும் வந்திருக்கு. நேர்காணலுக்கு மூணு பேரைக் கூப்பிட்டிருக்காங்க: நீ, நான், ரிக்ஃபோர்ட். ஈஸ்டருக்கு மறு புதன்கிழமை, ஹில்ஸ்பரோ மன்றத்துல. நிலையத்துல யார்கிட்டயும் சொல்லாம, ஆட்டுப்பட்டிக்குப் பின்னாடி போய் ஒரு ஆட்டம் போட்டேன். ஒரு கிடா மட்டும் பாத்துது.

நீ சொன்ன மாதிரிதான் எழுதினேன். நன்றி.

ஊர்ல இதே பேச்சு. செலீட்டா கடைத்தெருவுல நின்னு, "அந்த வீட்டுல களிப்பானைக்கே ரெண்டு கட்சி"ங்கற கணக்கா ஏதோ பேசிக்கிட்டிருக்கா. பேசட்டும்.

நீ ஈஸ்டருக்கு வீட்டுக்கு வா. அறையில ஃபேன் சரி பண்ணிட்டேன். ஒரு நிபந்தனை: புதன்கிழமை வரைக்கும் வீட்டுக்குள்ள அதைப் பத்திப் பேச்சே கிடையாது. சோளக்களி, சங்குக்கறிக் குழம்பு, தூக்கம். அவ்வளவுதான்.

அம்மா


செயின்ட் ஜார்ஜஸ்
6 ஏப்ரல்

அம்மா,

படகுத்துறையில உன்னைக் கட்டிப் பிடிச்சிட்டுச் சட்டுன்னு ஏறிட்டேனே, நீ ஏதாவது நினைச்சிருப்ப. உன் கண்ணைப் பாக்க முடியலை. காரணத்தை இப்பச் சொல்லிடறேன், இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது.

நேர்காணல் நல்லா போச்சு. ரொம்ப நல்லா. புரூக்ளின்லேர்ந்து வந்திருந்தாங்களே மிஸஸ் பெத்தெல், அந்தப் பெரிய ஊதாத் தொப்பி, அவங்க வேலிச் சண்டை பத்திக் கேட்டாங்க. அவங்க குடும்பத்துலயே ஒண்ணு ஓடிக்கிட்டிருக்காம், அவங்க அப்பா காலத்துலேர்ந்து! "நீ படிச்சிட்டு வர்றதுக்குள்ள நாங்க செத்துப்போகாம இருந்தா அளந்து குடும்மா"ன்னு சொல்லி எல்லாரும் சிரிச்சாங்க. நான் பேசினேன் பாரு, தண்ணி மாதிரி வந்துது.

எழுந்திருக்கப் போற நேரத்துல அவங்க தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டுக் கேட்டாங்க: "உனக்கு அடுத்து வெளியில உக்காந்திருக்கறது உங்கம்மா. ஒருத்தருக்குத்தான் தர முடியும். யாருக்குத் தரலாம், நீயே சொல்லேன்?"

அம்மா, "எங்கம்மாவுக்குக் குடுங்க"ன்னு சொல்றதுக்குத்தான் அந்தக் கேள்வி. எனக்குத் தெரியும். அந்த அறையில இருந்த அஞ்சு பேரும் அதைக் கேக்கத்தான் முகத்தைக் கனிவா வெச்சுக்கிட்டிருந்தாங்க. நான் "எனக்கு"ன்னு சொல்லிட்டேன்.

கதவைத் திறந்து வெளியில வந்தா நீ அந்த வெள்ளைச் சட்டையில, கைப்பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க. என்னைப் பாத்து, காலர் மடங்கியிருக்குன்னு சரி பண்ணின.

படகு முழுக்க அழுதுக்கிட்டே வந்தேன். பக்கத்துல இருந்த கிழவர் எனக்குக் கடல் ஒத்துக்கலைன்னு நினைச்சு எலுமிச்சை குடுத்தார்.

டெல்சியா


லெஸ்டேர்
12 ஏப்ரல்

அடியே,

உன் கடிதத்தைப் படிச்சிட்டுச் சத்தம் போட்டுச் சிரிச்சேன். எதிர்வீட்டுலேர்ந்து கஸ்பார் அண்ணன் என்ன ஆச்சுன்னு எட்டிப் பாத்தார்.

என்கிட்டயும் அதே கேள்வியைத்தான் கேட்டாங்க. அதே தொப்பி, அதே கனிவு. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எனக்கு"ன்னேன்.

அந்த அம்மா பேனாவையே கீழ போட்டுட்டாங்க. "உங்க பொண்ணு என்ன சொன்னான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"ன்னு கேட்டாங்க. "அவ என் பொண்ணு. 'எனக்கு'ன்னுதான் சொல்லியிருப்பா. 'எங்கம்மாவுக்குக் குடுங்க'ன்னு சொல்லியிருந்தா, நான் வளத்த வளப்பு சரியில்லைன்னு அர்த்தம்"னேன். ஓரத்துல உக்காந்திருந்த ஒருத்தர் வாயைப் பொத்திக்கிட்டுத் திரும்பிக்கிட்டார்.

வேணும்னு நினைக்கறதை வேணும்னு சொல்றதுல என்னடி தப்பு? எனக்கு அதைச் சொல்ல முப்பத்தாறு வருஷம் ஆச்சு. நீ சட்டுன்னு சொல்லிட்ட. எனக்குப் பெருமையா இருக்கு. இனிமே இதுக்காக நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாத் தெரிஞ்சா அடுத்த படகுல வந்து உதைப்பேன்.

பரீட்சைக்குப் படி.

அம்மா


செயின்ட் ஜார்ஜஸ்
13 ஜூன்

அம்மா! அம்மா! அம்மா!

நேத்து சாயங்காலம் நான் அத்தையோட சமையலறையில உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருந்தேன். திங்கக்கிழமை கடைசிப் பரீட்சை, படிக்காம ஏன் உரிச்சேன்னு கேக்காதே. ரேடியோ ஓடிக்கிட்டிருந்துது. சாவு அறிவிப்பெல்லாம் வரிசையா முடிஞ்சுது, அத்தை வழக்கம் போல ஒவ்வொருத்தருக்கும் "ஐயோ பாவம்" போட்டுக்கிட்டிருந்தா. அப்பறம் அந்த ஆள், "கரியாக்கூ மக்கள் உதவித்தொகை இவ்வாண்டு..."ன்னு ஆரம்பிச்சார். என் கை அப்படியே நின்னுபோச்சு. "...லெஸ்டேர் பகுதியைச் சேர்ந்த திருமதி ஒரின்தியா கயேன் அவர்களுக்கு"ன்னார்.

நான் கத்தினேன் பாரு ஒரு கத்து! கிழங்கு ஒரு பக்கம், கத்தி ஒரு பக்கம். அத்தையைத் தூக்கிச் சுத்தினேன். அவளை யாரும் தூக்க முடியாது, உனக்கே தெரியும், நான் தூக்கினேன். ரெண்டு பேரும் தெருவுக்கு ஓடி வந்து, "எங்கம்மாவுக்குக் கிடைச்சுடுச்சு! எங்கம்மாவுக்கு!"ன்னு பேருந்துக்காக நின்னவங்ககிட்டயெல்லாம் சொன்னோம். யாருன்னே தெரியாத ஒருத்தர் கையைக் குடுத்தார்.

கத்தி முடிச்சு, மூச்சு வாங்கிக்கிட்டு வாசல்படியில உக்காந்தப்பறம்தான் ஞாபகம் வந்துது, நான் தோத்துட்டேன்னு.

அப்ப அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், நல்லாவே அழுதேன். பொறாமையும் இருந்துது. ஆனா அம்மா, முதல்ல வந்தது கத்தல்தான். யோசிக்கறதுக்கு நேரமே இல்லாம வந்துது. அதை நீ தெரிஞ்சுக்கணும்னுதான் இந்தக் கடிதம்.

இப்ப போய் படிக்கறேன்.

உன் டெல்சியா


லெஸ்டேர்
17 ஜூன்

டெல்சியா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேன்னு கேக்காதே. தாள் மெலிஞ்சுபோச்சு.

நான் அப்ப நிலையத்துல ஒரு செம்மறிக் கிடாவுக்கு மருந்து ஊத்த வாயைப் புடிச்சுக்கிட்டிருந்தேன். செலீட்டா செருப்புகூடப் போடாம ரோட்டுல ஓடி வர்றா, கையில ரேடியோ, மின்கம்பி தரையில இழுபட்டுக்கிட்டு வருது. சொவத்துலேர்ந்து பிடுங்கிக்கிட்டே ஓடி வந்திருக்கா, அப்படியே தூக்கிட்டு வந்தா எனக்கும் கேக்கும்னு. "ஒரின்தியா! உன் பேரு! உன் பேரைச் சொன்னான்!" கிடாவை விட்டுட்டேன். அது மருந்தைத் துப்பிட்டு ஓடிப்போச்சு. செலீட்டா என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. என்னைப் பத்தி ஊரெல்லாம் பேசினவளும் அவதான், எனக்காக முதல்ல ஓடி வந்தவளும் அவதான். என்னத்தைச் சொல்ல?

உன்கிட்ட மன்னிப்புக் கேக்க மாட்டேன். கேட்டா நீ ஜெயிச்சிருக்கணும்னு ஆயிடும். நான் நல்லா செஞ்சேன், ஜெயிச்சேன். நீயும் நல்லா செஞ்ச. மிஸஸ் பெத்தெல் என்கிட்டச் சொன்னாங்க, கமிட்டியில அவங்க ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கிட்டாங்களாம். ரிக்ஃபோர்டுக்கு அப்பாவோட பட்டறையே போதும்னு அவனே சொல்லிட்டானாம். கடைசியில ஒரு ஓட்டு வித்தியாசம்.

ஆனா ராத்திரி எழுந்து போய் உன் அறை விளக்கைப் போட்டுப் பாக்கறேன். நான் படிக்கப் போறேன், நீ? அதனால யோசிச்சேன். உன் பரீட்சை முடிவு வரட்டும். அரசாங்க உதவித்தொகைக்குப் போடு. "என்னைவிட நல்லா படிக்கறவங்க வரிசைக்கு நிக்கறாங்க"ன்னு எழுதியிருந்த. நிக்கட்டும். நீயும் போய் நில்லு. நான் பசங்களோட நின்னேனே.

அம்மா


டிரினிடாட்
28 செப்டம்பர் 1997

டெல்சியா,

வந்து சேர்ந்து மூணு வாரம் ஆச்சு, இன்னிக்குத்தான் உக்கார நேரம் கிடைச்சுது. முதல் நாள் வகுப்புக்குள்ள நுழைஞ்சேன். எல்லாப் பசங்களும் மரியாதையா எழுந்து நின்னு "குட்மார்னிங் மிஸ்"னாங்க. நானும் "குட்மார்னிங், உக்காருங்க"ன்னு சொல்லிட்டுப் பின்வரிசையில போய் உக்காந்துட்டேன்! அப்ப அவங்க முகத்தைப் பாத்திருக்கணும் நீ. அன்னிலேர்ந்து எனக்கு "மிஸ்"னே பேரு.

கஷ்டமாத்தான் இருக்கு. மருந்துப் பேரெல்லாம் வாயில நுழைய மாட்டேங்குது. முதல் பரீட்சையில பாதிதான் வாங்கினேன், கழிவறையில போய் முகம் கழுவிட்டு வந்தேன். ஆனா நேத்து ஒரு கன்னுக்குட்டி, வயித்துல காத்து அடைச்சு உப்பிப் போய்க் கிடந்துது. வாத்தியார் பக்கத்துல நிக்க, நானே குழாயை உள்ள விட்டேன். காத்து வெளிய வந்த சத்தம் இருக்கே! அது எழுந்து நின்னு என் கையை நக்கிச்சு. நான் பண்ணினது. என் கையால.

உனக்கு இந்த வருஷம் அரசாங்கத்துலேர்ந்து வரலைன்னு உன் கடிதத்துல படிச்சேன். மார்க் நல்லாத்தான் இருக்கு, அடுத்த வருஷமும் போடலாம்னு அவங்களே எழுதியிருக்காங்கன்னா அது நல்ல சேதிதான். அதுவரைக்கும் ஹில்ஸ்பரோ பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லித் தர்றது உனக்கு எப்படி இருக்கு? வீட்டுல தனியா இருக்கப் பயமா இருந்தா செலீட்டாவைத் துணைக்குப் படுக்கச் சொல்லு. குறட்டை விடுவா, திருடன் வர மாட்டான்.

அம்மா


லெஸ்டேர், கரியாக்கூ
9 ஆகஸ்ட் 1998

அம்மா,

இந்தத் தடவை உக்காந்து படின்னு சொல்ல மாட்டேன். நின்னுக்கிட்டே படி, அப்பத்தான் குதிக்க வசதியா இருக்கும்.

கிடைச்சுடுச்சு!

அரசாங்க உதவித்தொகை. நில அளவை. டிரினிடாட். மூணு வருஷம். நாடு முழுக்கப் போட்டி போட்டு, அந்த வரிசையில நின்னு, வாங்கிட்டேன்! காலையில தபால்காரர் குடுத்தார், நான் பிரிக்கறதுக்குள்ள செலீட்டா அக்கா, கஸ்பார் மாமா, என் வகுப்புப் பசங்க நாலு பேர், எல்லாரும் வேலிக்குள்ள வந்தாச்சு. கஸ்பார் மாமா படிச்சிட்டு, "இனிமே இந்த வீட்டுல ஆடுதான் குடியிருக்கும்"னார்.

உனக்கு ஒண்ணு தெரியணும். நேர்காணல்ல ஒருத்தர், "போன வருஷம் தீவு உதவித்தொகையிலயும் தோத்து, இங்கயும் தோத்தீங்களே, மறுபடி வரக் கூச்சமா இல்லையா?"ன்னு கேட்டார். "எங்க வீட்டுல தோத்தது ஒருத்தர்தான் சார், ஜெயிச்சதும் எங்க வீட்டுலதான்"னேன். அவர் எழுதிக்கிட்டார். என்ன எழுதினாரோ.

செப்டம்பர் முதல் வாரம் விமானம். நீ ரெண்டாம் வருஷம், நான் முதல் வருஷம். வேற காலேஜ்தான், ஆனா ஒரே ஊரு, நீ எனக்கு சீனியர். என்னை ராகிங் பண்ணக் கூடாது, சொல்லிட்டேன். இன்னொண்ணு: முதல் ஒரு வாரம் மட்டும் உன் சினேகிதங்ககிட்ட நான் உன் பொண்ணுன்னு சொல்லாதேயேன். கொஞ்சம் பெரிய மனுஷியா வந்து இறங்கணும்னு ஆசையா இருக்கு.

டெல்சியா


டிரினிடாட்
18 ஆகஸ்ட் 1998

டெல்சியா,

நேரம் கடந்துபோச்சு. பண்ணைப் பயிற்சியில இருந்தப்ப உன் கடிதம் வந்துது. பசங்க எல்லாருக்கும் தெரியும், வாத்தியாருக்குத் தெரியும், சமையல்கார அம்மாவுக்குத் தெரியும், பால் கறக்கறவருக்குத் தெரியும். "மிஸ்ஸோட பொண்ணு வர்றா"ன்னு வகுப்பே விமான நிலையத்துக்கு வரப் போகுது, பால் வண்டியைக் கேட்டு வாங்கியாச்சு.

நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா. காலரை நான் பாத்துக்கறேன்.

அம்மா